வெள்ளிக்கிழமைப் படம்

லிஃப்ட்காரரைப் பயமுறுத்திய இயந்திரம் என்று அந்தத் தெருவில் எவருக்கும் தெரிந்து எதுவும் கிடையாது. இரண்டு மாடிக்கு நடுவே நின்றுபோன லிஃப்ட்டின் கூரைமேல் ஒரு கையில் டார்ச்சும் மறு கையில் ஸ்பேனருமாக உட்கார்ந்துகொண்டு, "டீ ஆறிடப் போகுது, மூடி வைங்க, இதோ வந்துடறேன்" என்று கீழே குரல் கொடுக்கிற மனிதர். ஓய்வு பெற்று வருடங்கள் ஓடியும் அக்கம்பக்கத்தில் அவருக்கு அதுதான் பெயர். அப்பேர்ப்பட்டவரை ஒரு பிளாஸ்டிக் பெட்டி படுத்திய பாடு இருக்கிறதே, அது கொஞ்சநஞ்சமல்ல.

பெட்டி அவருடையதுகூட இல்லை. மகள் வீட்டிலிருந்தே டிசைன் வேலை பார்த்த காலத்தில் வாங்கிய கலர் பிரிண்டர். பக்கத்தில் அவளுடைய பழைய கம்ப்யூட்டர். வெளிநாட்டில் வேலை கிடைத்தபோது இரண்டையும் தூக்கிக்கொண்டு போக முடியவில்லை. வாசலில் டாக்சிக்காரன் ஹாரனை விடாமல் அமுக்கிக்கொண்டிருக்க, ஒரு காலில் மட்டும் ஷூவை மாட்டிக்கொண்டு நின்றபடி சொன்னாள்.

"அப்பா, பிரிண்டரைச் சும்மா விட்டா உள்ள மை காஞ்சு அடைச்சுக்கும். அப்புறம் குப்பைக்குத்தான். அதனால வாராவாரம் வெள்ளிக்கிழமை சாயந்திரம் ஒரு கலர் படம் வரும். ரெண்டையும் ஆன்லயே வைங்க. வந்துச்சா இல்லையான்னு மட்டும் எனக்கு ஒரு மெசேஜ் போட்டுடுங்க."

"போடறேன், போடறேன். பாஸ்போர்ட் எடுத்துக்கிட்டியா?"

"எடுத்துக்கிட்டேன்பா. நான் திரும்பி வந்தா இது வேணும். பத்திரம்."

அவ்வளவுதான். டாக்சி போய்விட்டது. மனைவி காலமான பிறகு அந்த வீட்டில் இருந்ததே இரண்டு பேர்தான். இப்போது அவர் மட்டும். சமையல் மேடையில் மூன்று டம்ளர்கள். இரண்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஒன்றையே கழுவிக் கழுவிக் குடித்தார்.

முதல் வெள்ளிக்கிழமை அந்தி நேரத்தில், கூப்பிடாமலேயே பிரிண்டர் விழித்துக்கொண்டது. தொண்டையைச் செருமியது. உள்ளே எதுவோ இடமும் வலமும் ஓடியது. தாளை இழுத்து, கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தள்ளியது. ஒரு சிவப்புக் குடை. வேறொன்றும் இல்லை, சாம்பல் நிறச் சுவரில் சாய்த்து வைத்த ஒரு சிவப்புக் குடை. லிஃப்ட்காரர் அதைக் கையில் வாங்கி, கண்ணாடியைப் போட்டுப் பார்த்து, போடாமலும் பார்த்தார்.

"அங்க மழை போலிருக்கு" என்றார், சுவரைப் பார்த்து.

'வந்துச்சுமா' என்று போனில் தட்டினார். தட்டி முடித்த சூட்டோடு ஒரு கட்டைவிரல் படம் வந்து நின்றது. அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கடல் தாண்டிப் போனவள், போன இடத்தில் பெட்டியைக்கூடப் பிரித்திருக்க மாட்டாள், அதற்குள் அப்பனுக்கு ஒரு படம் அனுப்ப நேரம் ஒதுக்கியிருக்கிறாளே!

அதற்கப்புறம் வாரம் தவறவில்லை. பச்சைக்கிளி வந்தது. பூத்தொட்டி வந்தது. பழக்கூடை வந்தது. ஒவ்வொன்றையும் அவர் ஊர்ச் சேதி மாதிரி படித்தார். பூத்தொட்டி வந்த வாரம், பால்கனி உள்ள வீடு கிடைத்திருக்கிறது என்று முடிவு செய்தார். பழக்கூடை வந்த வாரம், பரவாயில்லை, ஒழுங்காகச் சாப்பிடுகிறாள் என்று நிம்மதியாகத் தூங்கினார். மஞ்சள் சைக்கிள் வந்த வாரம் தூக்கம் போய்விட்டது. அந்த ஊர்த் தெருவில் எல்லாம் கார் எப்படிப் பறக்கும்! படங்களை ஹால் சுவரில் வரிசையாக ஒட்டிக்கொண்டே போனார்.

போனில் அவள் மாதத்துக்கு ஒருமுறை வந்தால் அதிசயம். இங்கே விடியும்போது அங்கே படுக்கை, அங்கே விடியும்போது இவருக்கு மாத்திரை போட்ட மயக்கம். வந்தாலும் பேச்சு நாலு வார்த்தையில் நின்றுவிடும். "சாப்பிட்டீங்களா?", "பிரஷர் பார்த்தீங்களா?", "சரிப்பா, மீட்டிங் இருக்கு." ஒருமுறை இவர் கேட்டும் பார்த்தார்.

"ஏம்மா, சைக்கிள் வாங்கினியா?"

"எந்த சைக்கிள்பா?"

"அதான், மஞ்சள் கலர்ல."

"இல்லையே. சரிப்பா, கூப்பிடறாங்க, வெச்சுடட்டுமா?"

மறைக்கிறாள், ஹெல்மெட் போடுவதில்லை போலும், சொன்னால் திட்டுவேன் என்று பயம், என்று லிஃப்ட்காரர் எடுத்துக்கொண்டார். அப்படி எடுத்துக்கொள்ளத்தான் அவருக்குப் பிடித்திருந்தது.

கீழ்வீட்டில் ஒரு டெய்லர். வீட்டிலேயே முன்னறையில் மெஷின் போட்டிருந்தார். வெள்ளிக்கிழமை இரவுச் சாப்பாட்டுக்கு முன் லிஃப்ட்காரர் படத்தோடு இறங்கி வருவதும், டெய்லர் இஞ்ச் டேப்பைக் கழுத்தில் போட்டபடி பார்ப்பதும் வழக்கமாகிவிட்டது.

"இந்த வாரம் என்ன அனுப்பியிருக்கு பாப்பா?"

"பலூன்."

"பிறந்தநாளா?"

"யாருக்காவது இருக்கும். ஆபீஸ்ல நிறைய ஃப்ரெண்ட்ஸ்."

"படம் படமா அனுப்புதே, ரெண்டு வரி எழுதினா விரல் தேய்ஞ்சுடுமா?"

"உமக்கு என்னய்யா தெரியும்? கத்திரிக்கோலைப் பிடிச்ச கை. அவளுக்குப் படம்தான் பேச்சு."

டெய்லர் சிரித்துக்கொள்வார். லிஃப்ட்காரர் மூக்குக்கு மேல் வந்த கோபத்தோடு மாடியேறுவார். ஏறி வந்து கதவைத் திறந்தால் வீடு இருட்டாக இருக்கும். கோபத்தைக் காட்ட அங்கே ஆள் இருக்காது.

இப்படிப் போய்க்கொண்டிருந்த பிழைப்பில் அவரே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டார். ஒரு நாள் மகள் போனில் வந்தபோது, எப்போது வருகிறாய் என்று கேட்டார். இந்த வருஷம் லீவு கிடையாது, அடுத்த வருஷமும் சொல்ல முடியாது என்றாள். அவருக்கு எங்கிருந்துதான் வந்ததோ அவ்வளவு ஆத்திரம்.

"அப்ப இந்தப் பொட்டியை மட்டும் எதுக்கு நான் காவல் காக்கணும்? தூக்கிக் குப்பையில போட்டுடறேன்!"



"உங்க இஷ்டம்பா" என்றாள். வைத்துவிட்டாள்.

வாயில் வந்ததைக் கொட்டிவிட்டு அப்புறம் வருந்துகிற ஜாதி மனிதர் அவர். அன்றைக்கு முழுக்கப் பிரிண்டரின் தலையைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார். திரும்பக் கூப்பிட்டுச் சமாதானம் சொல்ல வாய் வரவில்லை. சரி, வெள்ளிக்கிழமை படம் வரும், 'ரொம்ப நல்லா இருக்குமா' என்று இரண்டு வார்த்தை கூடுதலாகப் போட்டுவிடலாம் என்று மனசைத் தேற்றிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை வந்தது. படம் வரவில்லை.

நாற்காலியை இழுத்துப்போட்டுப் பெட்டிக்கு எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். பச்சை விளக்கு ஒழுங்காக எரிந்தது. தட்டில் தாள் இருந்தது. இயந்திரத்தில் குறையில்லை என்றால் குறை வேறெங்கே இருக்கும்? கோபத்தில் நிறுத்திவிட்டாள். அவருடைய மகள்தானே, அவருடைய கோபம்தானே அவளுக்கும் இருக்கும்! வெளியே தெருவிளக்கு எரிந்த பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை. அன்றைக்கு அவர் கீழே இறங்கிப் போகவும் இல்லை.

அடுத்த வாரம் நடுவில் டெய்லரே மாடியேறி வந்தார். கடைக்கதவில் ஒட்ட ஓர் அறிவிப்பு வேண்டும், 'கடை விடுமுறை' என்று பெரிய எழுத்தில் அடித்துத் தர முடியுமா என்றார். லிஃப்ட்காரர் ஒற்றை விரலால் தட்டி, மகள் சொல்லிக்கொடுத்த பிரிண்ட் பொத்தானை அமுக்கினார். பெட்டி அசையவில்லை. மறுபடி அமுக்கினார். இன்னொரு தடவை அமுக்கினார். திரையின் மூலையில் ஒரு சின்னக் கட்டம் முளைத்தது: பிரிண்டர் ஆஃப்லைனில் உள்ளது.

லிஃப்ட்காரர் அதைப் படித்தார். எழுந்து நின்றார். டெய்லரின் இரண்டு தோளையும் பிடித்து உலுக்கினார்.

"கெட்டுப்போச்சுய்யா! பிரிண்டர் கெட்டுப்போச்சு!"

"அதுக்கு எதுக்குங்க இவ்வளவு சந்தோஷம்?"

"அவ அனுப்பியிருக்கா! இதுதான் வாங்கலை! புரியுதா உமக்கு?"

டெய்லருக்கு ஒன்றும் புரியவில்லை. பக்கவாட்டில் ரெண்டு தட்டு தட்டிப் பார்க்கச் சொல்லிவிட்டு, அறிவிப்பைக் கையாலேயே எழுதிக்கொள்ளப் போனார். லிஃப்ட்காரருக்கோ தலைகால் புரியவில்லை. இவ்வளவு நாளில் ஓர் இயந்திரம் பழுதானதற்காக அவர் இப்படி மகிழ்ந்ததே கிடையாது.

கெட்டதைச் சரி செய்வதுதானே, பிறந்ததிலிருந்து செய்கிற வேலை என்று ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். பெட்டியைத் திருப்பிப் பார்த்தார். ஒரு ஸ்க்ரூகூட இல்லை. இது என்னடா மெஷின் என்று ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார். கம்ப்யூட்டர் போன வாரம் தன்னைத் தானே புதுப்பித்துக்கொண்டதாக மூலையில் ஒரு சேதி சொன்னது. புதுப்பித்ததில் டிரைவர் போய்விட்டது என்று எங்கோ போட்டிருந்ததைப் படித்தார். லிஃப்ட்டுக்கு ஆபரேட்டர் மாதிரி பிரிண்டருக்கு டிரைவர் போலிருக்கிறது, ஓட்டுகிற ஆள் இல்லாமல் வண்டி எப்படி ஓடும் என்று அவராகவே புரிந்துகொண்டார். புரிந்துகொண்டது ஏறக்குறைய சரிதான். டிரைவரைத் தேடிப் பிடித்து இறக்கினார். போட்டார். போடும்போது ஒயரைப் பிரிண்டரிலிருந்து கம்ப்யூட்டருக்கு இறுக்கமாக மாட்டி வைத்தார். வேலை முடிந்தது என்று திரை சொன்னது. இப்போது ஒரே பெயரில் இரண்டு பிரிண்டர் தெரிந்தன. இரண்டும் ஆஃப்லைன்.

எடுத்தார், போட்டார். மூன்றாகிவிட்டது.

மறுநாள், அதற்கு மறுநாள் என்று ஓடியதில் இன்னொரு வெள்ளிக்கிழமையும் வெறுமனே போனது. இந்த முறை அவர் அவ்வளவாகக் கலங்கவில்லை. அங்கிருந்து அவள் அனுப்பிவிட்டாள், உள்ளே எங்கோ மாட்டிக்கொண்டு நிற்கிறது, எடுத்துவிட்டால் போதும் என்று நம்பினார். மகளிடம் கேட்கலாம்தான். கேட்டால், 'அதான் குப்பையில போடறேன்னீங்களே' என்பாள். அதைக் கேட்க அவருக்குத் தெம்பில்லை. கடைசியில் பெட்டியின் அடிவயிற்றில் ஒட்டியிருந்த உதவி எண்ணுக்கு போன் போட்டார்.

நெடுநேரம் பாட்டுப் பாடிய பிறகு ஒரு ஆள் வந்தார். நடுத்தர வயதுக் குரல், ஜலதோஷம் பிடித்த குரல்.

"சொல்லுங்க சார். கேபிளை எப்ப மாட்டினீங்க?"

"முதல் வேலையே அதுதான். மாட்டாம எப்படிய்யா ஓடும்?"

"டிரைவர் போட்டு முடிச்சு, அது சொன்ன பிறகுதான் மாட்டணும் சார். 'இப்போது மாட்டாதீர்கள்'னு சிவப்பு எழுத்துல போட்டிருக்குமே?"

"போட்டிருந்துச்சு. மாட்டினப்புறம்தான் படிச்சேன்."

அந்தப் பக்கம் சிரிப்பை அடக்கும் சத்தம் இருமலாக வந்தது. "எல்லாரும் அப்படித்தான் சார். ஒரு நம்பர் திரையில வரும், அதைச் சொல்லுங்க. நான் இங்கிருந்தே உங்க கம்ப்யூட்டரைப் பார்க்கறேன்."

நம்பரைச் சொன்னார். திரையிலிருந்த அம்புக்குறி தானாக நகர ஆரம்பித்தது. லிஃப்ட்காரர் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டார். அம்பு இங்கே போயிற்று, அங்கே போயிற்று, ஜன்னல்களைத் திறந்தது, மூடியது. இந்த வீட்டில் அவரைத் தவிர வேறொரு கை வேலை செய்து எத்தனை காலமாயிற்று! அம்பு ஒரு இடத்தில் நின்று யோசித்தபோது, அவர் வாயிலிருந்து தன்னையறியாமல் வந்துவிட்டது.

"டீ சாப்பிடறீங்களா?"

"சார்?"

"ஒண்ணுமில்ல. நீங்க பாருங்க."

"கொஞ்ச நேரம் ஓடும் சார் இது. லைன்லயே இருங்க, வெச்சுடாதீங்க."

வைப்பதா! லிஃப்ட்டில் ஆள் மாட்டிக்கொண்டால் முதல் வேலை ரிப்பேர் இல்லை, பேச்சு. ஒருத்தன் மேலே ஏறி வேலை பார்க்க, இன்னொருத்தன் கதவுக்கு வெளியே நின்று உள்ளே இருக்கிறவரோடு பேசிக்கொண்டே இருக்க வேண்டும். என்ன பேசினாலும் சரி, குரல் மட்டும் நிற்கக்கூடாது. நின்றால் உள்ளே இருப்பவருக்கு மூச்சுமுட்டும். எத்தனையோ பேருக்குக் கதவுக்கு வெளியே அவர் அப்படி நின்றிருக்கிறார். இப்போது அவர் ஜலதோஷத்துக்கு என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று உதவிக்காரரை விசாரித்தார். பழைய டிரைவர்கள் போய், புதியது ஏறி, ஒயரைக் கழற்றச் சொன்னபோது கழற்றி, மாட்டச் சொன்னபோது மாட்டினார்.

"ஒரு டெஸ்ட் பேஜ் அனுப்பறேன் சார். சும்மா, போய்ச் சேருதான்னு பார்க்க."

பெட்டி தொண்டையைச் செருமியது. கோடும் கட்டமுமாக ஒரு தாள் வந்தது. லிஃப்ட்காரருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"பழைய வரிசையில சிலது தேங்கி நிக்குது சார். பாருங்க."

பார்த்தார். திரையில் ஒரு சின்னக் கட்டம். அதில் வரிசையாக ஃபைல்கள். முதலில் ஒரு படம், கடைசியில் ஒரு படம். இரண்டுக்கும் எதிரே, உரிமையாளர் என்ற இடத்தில், அவருடைய மகளின் பெயர். அவர் வைத்த பெயர். கண்ணை மறைத்துக்கொண்டு நீர் வந்தது.

"பார்த்தீங்களா! ரெண்டு வாரமும் அனுப்பியிருக்கா! கோபமெல்லாம் இல்ல அவளுக்கு!"

"யாரு சார்?"

"என் பொண்ணு. வெளிநாட்டுல இருக்கா. வாராவாரம் அங்கிருந்து ஒரு படம் அனுப்புவா. பேர் போட்டிருக்கு பாருங்க."

அம்பு அப்படியே நின்றது.

"வெளிநாட்டுல இருந்தா? இந்த பிரிண்டர் நெட்ல இல்லையே சார். ஒயர்ல மட்டும்தானே இருக்கு. ஒரு நிமிஷம்."

"அப்ப இந்தப் பேரு?"

"அது இந்தக் கம்ப்யூட்டர்ல இருக்கற பேரு சார். அவங்க கம்ப்யூட்டர்தானே இது? யார் பிரிண்ட் போட்டாலும் அந்தப் பேர்தான் வரும். நடுவுல பாருங்க, 'கடை விடுமுறை'ன்னு மூணு நிக்குது. அதுக்கும் இதே பேர்தான்."

லிஃப்ட்காரர் பார்த்தார். டெய்லரின் கடை விடுமுறை, மூன்று தடவை. மூன்றுக்கும் எதிரே மகளின் பெயர்.

அம்பு எங்கெங்கோ போய், கடைசியில் ஓர் இடத்தைத் திறந்தது. உதவிக்காரர் உற்சாகமாகிவிட்டார், வேலை தெரிந்தவருக்கு இன்னொருவரின் நல்ல வேலையைப் பார்த்தால் வருகிற உற்சாகம்.

"ஓ, இதுவா! இங்கேயே செட் பண்ணி வெச்சிருக்காங்க சார். வெள்ளிக்கிழமை சாயந்திரமானா இந்த ஃபோல்டர்லேருந்து அடுத்த படத்தைத் தானா எடுத்து பிரிண்டருக்கு அனுப்பிடும். மை காயாம இருக்க. எல்லாக் கலரும் வர்ற மாதிரி படமா பார்த்து நெட்லேருந்து எடுத்துப் போட்டிருக்காங்க. தீர்ந்துட்டா திரும்ப முதல்லேருந்து ஆரம்பிச்சுக்கும். அருமையா செஞ்சிருக்காங்க சார்."

ஃபோல்டர் திறந்தது. சிவப்புக் குடை இருந்தது. கிளி, பூத்தொட்டி, பழக்கூடை, மஞ்சள் சைக்கிள், பலூன். சுவரில் ஒட்டியிருந்த அதே வரிசை. அதோடு நிற்கவில்லை. அதற்குக் கீழே இன்னும் போய்க்கொண்டே இருந்தது. படகு, வாத்து, பம்பரம், நிறநிறமாகக் கம்பளிப் பந்துகள். அடுத்த மாதம் அவள் அனுப்பப்போவது, அடுத்த வருஷம் அனுப்பப்போவது எல்லாம் அவள் டாக்சி ஏறுவதற்கு முன்பே இங்கே வந்து காத்துக்கொண்டிருந்தன. அங்கே மழையும் இல்லை. பால்கனியும் இல்லை. சைக்கிள் வாங்கவே இல்லை, அவள் சொன்னது உண்மைதான்.

அவள் ஒன்றையும் மறைக்கவில்லை. கிளம்பும்போதே எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறாள். அவர்தான் பாஸ்போர்ட்டைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தார். யாரைக் குறை சொல்வது? இத்தனை வெள்ளிக்கிழமையும் இந்த அறையில் அவரும் ஒரு பெட்டியும் மட்டும்தான் இருந்திருக்கிறார்கள் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

"சார்? சார், லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன்."

"டிரைவர் மாறினதால பிரிண்டர் பேர் மாறிடுச்சு. அதான் படம் வரலை. தேங்கினதை அழிச்சுட்டுப் புதுப் பேரை மாத்திக் குடுத்துட்டா, விட்ட படத்திலேருந்து பழையபடி வரும். மாத்தட்டுமா? இல்ல, எடுத்துடட்டுமா?"

லிஃப்ட்காரர் சுவரைப் பார்த்தார்.

"மாத்துங்க" என்றார். "மை காஞ்சுடும்."

அடுத்த வெள்ளிக்கிழமை அந்தப் பக்கமே போகக் கூடாது என்று காலையிலிருந்து சொல்லிக்கொண்டார். துணி துவைத்தார், காய்ந்த துணியையே இன்னொரு தரம் உதறி மடித்தார். வெயில் சாய்ந்தபோது நாற்காலி தானாகவே பெட்டிக்கு எதிரில் வந்திருந்தது. அவரும் அதில் உட்கார்ந்திருந்தார். என்ன வரும் என்று தெரியும். படகு வரும். பெட்டி செருமியது. படகு வந்தது. நீலத் தண்ணீரில் ஒரு மஞ்சள் படகு, ஆளில்லாமல்.

பழக்க தோஷத்தில் போனை எடுத்து 'வந்துச்சுமா' என்று தட்டினார். அனுப்பும் இடத்துக்கு மேலே விரல் நின்றுவிட்டது.

அந்தக் கட்டைவிரல்! எப்போது போட்டாலும் சூட்டோடு வந்து நிற்குமே, அங்கே பகலோ இரவோ, மீட்டிங்கோ தூக்கமோ, ஒருமுறைகூடத் தாமதமானதில்லையே. கம்ப்யூட்டரில் இதைச் செய்து வைத்தவளுக்குப் போனில் அதைச் செய்து வைக்க எவ்வளவு நேரமாகும்? 'வந்துச்சு' என்று வந்தால் ஒரு கட்டைவிரல். அதுவும் தானாகவே. அப்படியானால் இந்தப் பக்கமும் யாரும் இல்லை, அந்தப் பக்கமும் யாரும் இல்லை. பயம் வந்தது. லிஃப்ட் கூரைமேல் ஒருநாளும் வராத பயம்.

தட்டியதை ஒவ்வொரு எழுத்தாக அழித்தார். சும்மா, போய்ச் சேருகிறதா என்று பார்க்க, வேறு தட்டினார்.

'வரலைமா.'

அனுப்பிவிட்டு போனை மேசைமேல் வைத்தார். கட்டைவிரல் வந்தால் விஷயம் முடிந்தது. வரவில்லை. கொஞ்ச நேரம் ஆயிற்று. அப்போதும் வரவில்லை. ஆள் இருந்தால் ஏதாவது வரவேண்டுமே? ஒன்றுமே வராமல் போனால் அதற்கு என்ன அர்த்தம் என்று அவர் யோசித்து வைக்கவில்லை. போனின் விளக்கு மங்கி அணைந்தது.

அணைந்த போன் மணியடித்தது.

"அப்பா! வரலையா? என்ன ஆச்சு?" மகள்தான். மூச்சு வாங்கியது அவளுக்கு. பின்னால் பலபேர் பேசும் சத்தம், ஒரு கதவு சாத்தும் சத்தம், பிறகு அமைதி. "ரெண்டு வாரமா உங்க மெசேஜே இல்ல. நிஜமாவே தூக்கிப் போட்டுட்டீங்கன்னு நெனச்சேன்பா. கேக்கவே பயமா இருந்துச்சு. வெள்ளிக்கிழமையானா போனைக் கையிலயே வெச்சுக்கிட்டு..." முடிக்கவில்லை அவள்.

லிஃப்ட்காரர் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டார்.

"சே சே, யாராவது தூக்கிப் போடுவாங்களா? பத்திரமா இருக்கு."

"அப்பாடா. சரி, பதறாதீங்க, நான் சொல்ற மாதிரி செய்ங்க. பெட்டில லைட் எரியுதா?"

"எரியுது."

"என்ன கலர்?"

விளக்கு கிளிப்பச்சையாக, கண்ணைப் பறிக்கிற மாதிரி எரிந்துகொண்டிருந்தது.

"பச்சை மாதிரியும் இருக்கு, ஆரஞ்சு மாதிரியும் இருக்கு."

"ஐயோ, அது எப்படிப்பா ரெண்டும்? கண்ணாடி போட்டீங்களா?"

"தேடணும்" என்றார், மூக்கின்மேல் இருந்த கண்ணாடியோடு. "உனக்கு மீட்டிங் இருக்குமேம்மா?"

"இருக்கு. இருந்துட்டுப் போகட்டும். நிதானமா தேடுங்க. லைன்லயே இருக்கேன்."

அவர் நாற்காலியைச் சத்தம் வரும்படி நகர்த்தினார். மேசை இழுப்பறையைத் திறந்து மூடினார். காதில் அவள் பேசிக்கொண்டே இருந்தாள்: கேபிள் பின்னால் சதுரமாக இருக்கும் பாருங்க, கழட்டி மாட்டுங்க, அவசரமே இல்லை, அங்க வெயிலா, பிரஷர் மாத்திரை போட்டீங்களா, மாட்டிட்டீங்களா, இப்ப டிரைவர்னு ஒண்ணு இருக்கும்பா, அது என்னன்னா. டிரைவர் என்றால் என்ன என்று அவள் ஆதியோடந்தமாக விளக்க, அவர் ஒன்றுமே தெரியாத பிள்ளை மாதிரி ம் கொட்டினார்.

"அப்பா, இருக்கீங்களா?"

"இருக்கேன்மா."

"இப்ப ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க. ஆச்சா? இப்ப வந்துச்சா?"

கையிலிருந்த படகில் மை இன்னும் முழுசாகக் காயவில்லை. கட்டைவிரலில் மஞ்சள் ஒட்டியிருந்தது. அதைச் சத்தமில்லாமல் மேசைமேல் கவிழ்த்து வைத்தார்.

"இன்னும் வரலைமா" என்றார்.